தலைவர் பெற்றுக்கொண்ட இடது கால்

மாற்றுத்திறன் மேடைக்கலை மேம்பாட்டு வாரியத்தின் தலைவர் சுப்பராயலு, மேடையில் தன் பக்கம் நீட்டப்படும் எதையும் இரண்டு கைகளாலும் பெற்றுக்கொண்டு, அதே நொடியில் புகைப்படக்காரர் நிற்கும் திசைக்கு முகத்தைத் திருப்பிப் புன்னகை செய்யக்கூடியவர். பதினொரு ஆண்டுப் பழக்கம் அது. வாங்கியது என்னவென்று அவர் பார்ப்பதில்லை. பின்னால் நிற்கும் உதவியாளர் அதை வாங்கி ஒரு பெரிய கூடையில் போட்டுவிடுவார். சால்வை, சந்தன மாலை, பழத்தட்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் அடைத்த தேர் என்று அந்தக் கூடைக்குள் போன எதுவும் வெளியே வந்ததில்லை. ஒருமுறை பாகூரில் ஒரு பெண், பெயர் வைக்கச் சொல்லித் தன் கைக்குழந்தையை நீட்டினாள். குழந்தையும் கூடை வரைக்கும் போனது. வீறிட்டு அழுததால் திரும்பக் கிடைத்தது.

லில்லியின் கால் அழவில்லை.

லில்லிக்கு முப்பத்து நான்கு வயது. வில்லியனூர்ப் பக்கம் கரும்பு லாரி ஒன்று பின்பக்கமாக வந்து ஏறியபோது, இடது முழங்காலுக்குக் கீழே இருந்ததை இழந்தாள். அதன்பின் ஒரு முகாமில் செயற்கைக் கால் கிடைத்தது. அதற்கு அவளே சிவப்பு நகப்பூச்சு பூசி, ஒரு வெள்ளிக் கொலுசும் மாட்டியிருந்தாள். நடேசனுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை, கீபோர்டு வாசிப்பார். கலைவேந்தனுக்கு வலது கை கிடையாது. இடது கையையும் இரண்டு கால்களையும் வைத்து டிரம்ஸ் வாசிப்பான். மூன்று பேருக்கும் சேர்த்து எண்ணிப் பார்த்து, தங்கள் குழுவுக்கு 'அஞ்சு கை அஞ்சு கால் கபரே' என்று பெயர் வைத்தார்கள். பாட்டு, நடுவில் நையாண்டி, மறுபடியும் பாட்டு. திருக்கனூரில் ஒரு காதுகுத்தில் ஆரம்பித்து, அரியாங்குப்பத்தில் ஒரு பார் வரைக்கும் வந்திருந்தார்கள்.

அந்தப் பாரில் அவர்கள் பேர் வாங்கியது ஏலத்தினால்.

லில்லியின் ஊர் மாதா கோயிலில் திருவிழாப் பூசை முடிந்ததும், மக்கள் காணிக்கையாகக் கொண்டுவந்த கோழி, பூசணிக்காய், முதல் குலை இளநீர் எல்லாவற்றையும் வாசலிலேயே ஏலம் விடுவார்கள். ஏலம் போடுகிறவர் ஒரு கோழியைப் புனிதர் அளவுக்கு உயர்த்திப் பேசுவார். லில்லி அந்தக் குரலை அப்படியே எடுத்துக்கொண்டாள். பாட்டு முடிந்ததும் நாற்காலியில் உட்காருவாள், காலைக் கழற்றுவாள், தலைக்கு மேலே தூக்குவாள்.

"பரலோகத்துக்கு நேரா போற காலு! முள்ளு குத்தாது, நகம் வளராது, நாய் கடிச்சா ஊசி கெடையாது! கொலுசை அடகு வெக்கறவங்க காலோட சேத்து வெக்கலாம்! கேளுங்கப்பா!"

"ரெண்டு கோழி!" என்பான் ஒருவன்.

"ஒரு ஆட்டுக்குட்டி!"

"எங்க மாமியாரு!"

"மாமியார் வேணாம்பா, ஏற்கெனவே ஒண்ணு வூட்டுல கீது. ஆட்டுக்குட்டி ஒரு தரம்... ஆட்டுக்குட்டி ரெண்டு தரம்..."

மூன்றாம் தரம் வருவதற்குள் நடேசன் கீபோர்டில் சவ அடக்கத்துக்கு வாசிப்பது போல ஒன்று வாசிப்பார். லில்லி காலை மார்போடு அணைத்துக்கொண்டு, "இவன் என்னை வுட்டுட்டு வர மாட்டேங்கறான்பா" என்பாள். மறுபடி மாட்டிக்கொண்டு ஆடுவாள். பார் அதிரும்.

அதை யாரோ செல்போனில் படம் பிடித்துப் பரப்பினார்கள். பனித்திட்டுக்கு அப்பால் கடற்கரையில் ஓட்டல் நடத்தும் மேலாளர் மணிபாரதி அதைப் பார்த்துக் கூப்பிட்டார். ஒரு சனிக்கிழமை சோதனைக் கச்சேரி. பிடித்துவிட்டால் ஆறு மாதத்துக்கு எல்லாச் சனிக்கிழமையும் அவர்களுடையது. இரண்டு விஷயம் கேட்டார். கால் ஏலம் கண்டிப்பாக வேண்டும். வாரியத்தின் மேடைத் தகுதிச் சான்றும் வேண்டும். சோப்புக் கம்பெனியில் அட்டைப்பெட்டி மடித்துக்கொண்டிருந்த லில்லி, மறுநாளே அந்த வேலையை விட்டுவிட்டாள்.

சான்று பெறுவதற்குத் தலைவர் முன்னிலையில் பத்து நிமிடம் நிகழ்ச்சி நடத்திக் காட்ட வேண்டும் என்பது விதி. வாரியத்தின் ஆண்டு விழாவில் அவர்களுக்கு நேரம் ஒதுக்கினார்கள். மேடைக்கு ஏழு படிகள். சரிவுப் பாதை இல்லை. ஏன் இல்லையென்றால், விருந்தினர்கள் கலைஞர்களைத் தூக்கி மேடையேற்றும் காட்சி விழாவில் இரண்டாவது அம்சமாக அழைப்பிதழில் அச்சாகியிருந்தது. லில்லியால் ஏற முடியும் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். "கொஞ்சம் ஒத்துழைப்பு குடுங்கம்மா," என்றார் ஒரு பொறியாளர், அவளைத் தூக்கிக்கொண்டே.

பாடினாள். முன்வரிசையில் எல்லோரும் முன்கூட்டியே கைக்குட்டையை எடுத்து வைத்திருந்தார்கள். அவள் நையாண்டி பேசியபோது கைக்குட்டையை என்ன செய்வது என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஏலம் வந்தது. "கேளுங்கப்பா!" என்றாள். தலைவர் வாய் திறப்பதற்கு முன் அங்கே யாரும் வாய் திறப்பதில்லை என்பது அவளுக்குத் தெரியாது. மண்டபம் கம்மென்று இருந்தது. மேடையில் இப்படி ஓர் அமைதியை அவள் சந்தித்ததே இல்லை. கலைஞர்கள் பயத்தில் செய்யும் தவறை அவளும் செய்தாள். பக்கத்தில் இருந்தவரைத் துணைக்கு இழுத்தாள்.

"சார், நீங்களாச்சும் கேளுங்க சார்," என்று தலைவர் பக்கம் காலை நீட்டினாள்.

தலைவர் இரண்டு கைகளாலும் பெற்றுக்கொண்டு, இடது பக்கம் திரும்பிப் புன்னகை செய்தார். வெளிச்சம் மின்னியது. கால் பின்னால் போனது. ஒரு சால்வை முன்னால் வந்து லில்லியின் தோளில் விழுந்தது. அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. நடேசன், ஏலம் நல்லபடியாகப் போகிறதென்று நினைத்து, அடக்கத்துக்கு வாசிப்பதை உரக்க வாசித்தார்.

தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"நான் பல மேடைகளைக் கண்டவன். எனக்குப் பொன்னாடை போர்த்தியிருக்கிறார்கள். வெள்ளி வாள் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் ஒரு சகோதரி தன் காலையே கழற்றிக் கொடுக்கிறார் என்றால், நான் அவருக்கு எவ்வளவு செய்திருக்க வேண்டும்! என்ன செய்தேன் என்று எனக்கு நினைவில்லை. செய்ததை நினைவில் வைத்துக்கொள்ளாதவன்தான் தலைவன்."

லில்லியைத் தூக்கி இறக்கினார்கள். இந்த முறை அவள் மறுக்கவில்லை. கீழே வந்து சேர்வதற்குள் தலைவரின் வண்டி போய்விட்டது.

திங்கட்கிழமை, கக்கத்துக் கட்டைகளை ஊன்றிக்கொண்டு வாரிய அலுவலகத்துக்குப் போனாள். அலுவலகம் மாடியில் இருந்தது. இருபத்திரண்டாவது படிக்கு அப்புறம், மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை என்று எழுதிய பலகை இருந்தது. கண்காணிப்பாளர் அருள்மொழி எழுந்து நின்று நாற்காலி போட்டார். மரியாதை தெரிந்த மனிதர்.

"சார், என் காலு..."

"பாத்தேன்மா. நல்ல காலு. உள்ள ஷோகேஸ்ல வெச்சிருக்கோம். பாக்கறீங்களா?"

"பாக்க வரல சார். மாட்டிக்கினு போவ வந்தேன்."

அருள்மொழி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தலைவருக்குக் குடுத்த நினைவுப் பரிசு வாரியத்தோட சொத்தும்மா."

"அய்யோ, நான் எங்க சார் குடுத்தேன்? அது நாடகம். ஏலம் வுடற மாதிரி நடிக்கறது."

"நீங்க நடிச்சிருக்கலாம். தலைவர் நடிக்கலியேம்மா. அவரு நெசமா வாங்கினாரு. போட்டோ கீது."

"காலு என்னுது சார்!"

"உங்களுதுன்னு இன்னா ஆதாரம்?"

லில்லி பாவாடையை முழங்காலுக்கு மேலே தூக்கிக் காட்டினாள். "இதுல மாட்டிப் பாருங்க சார், பொருந்தும்."

"பொருந்தறதெல்லாம் ஆதாரம் ஆவாதும்மா. என் செருப்பு வில்லியனூர்ல ஆயிரம் பேருக்குப் பொருந்தும்."

அவர் கெட்டவர் இல்லை. வேறு வழி இருக்கிறதா என்று விதிப் புத்தகத்தைப் புரட்டினார். ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் புதுக் கால். அதற்குள் வேண்டுமென்றால், பழைய கால் திருடுபோயிருக்க வேண்டும், தொலைந்திருக்க வேண்டும், அல்லது உடைந்திருக்க வேண்டும். "தானம் பண்ணது இந்த மூணுலயும் வராதும்மா," என்றார் வருத்தமாக. "எதுக்கும் தலைவரை நேர்ல பாத்துப் பேசுங்க. இரக்கம் உள்ளவரு."

மறுவாரம் நடேசனையும் கலைவேந்தனையும் கூட்டிக்கொண்டு போனாள். மூன்று மணி நேரம் கழித்துத் தலைவர் அறைக்குள் விட்டார்கள். நாற்காலி எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, நடேசன் தன் வெள்ளைக் கோலை முன்னால் நீட்டித் துழாவினார்.

தலைவர் எழுந்து, இரண்டு கைகளாலும் பெற்றுக்கொண்டு, மூலையில் நின்ற புகைப்படக்காரரைப் பார்த்துப் புன்னகை செய்தார்.

"யோவ் நடேசா, கோலை வுடாதய்யா!" என்று கலைவேந்தன் கத்தினான். நடேசன் விடவில்லைதான். ஆனால் தலைவரின் பிடி பதினொரு ஆண்டுப் பிடி. கோல் கூடைக்குப் போயிற்று. கலைவேந்தன் தன் ஒரே கையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். பேச வந்த விஷயத்தைப் பேசாமலே, ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு இருபத்திரண்டு படியும் இறங்கினார்கள்.

அடுத்த நாள் செய்தித்தாளில் இரண்டு படங்களும் வந்தன. 'கால் கொடுத்த கலைமகள், கோல் கொடுத்த கலைமகன்'. அதைப் பார்த்துத் தலைவர் அன்று மாலையே ஆய்வுக் கூட்டம் நடத்தினார். மக்கள் இவ்வளவு அன்போடு கொடுக்க முன்வரும்போது வாரியம் சும்மா இருக்கலாமா? ஒவ்வொரு கொம்யூன் பஞ்சாயத்துக்கும் இத்தனை கால், கோல், கருவி பெற வேண்டும் என்று இலக்கு நிர்ணயித்தார்கள். வில்லியனூருக்கு இருபது, பாகூருக்குப் பதினைந்து. இரண்டு வாரத்தில் வில்லியனூர் இருபத்தாறை எட்டியது. பாகூர் பின்தங்கியது. "பாகூரில் அன்பு குறைந்துவருவதைக் கவலையோடு கவனிக்கிறோம்," என்று சுற்றறிக்கை போனது. வாரியத்தின் ஜீப் ஊருக்குள் நுழைந்தால், காது கேளாதவர்கள் காதுக் கருவியை அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டு, ஜீப் போய்விட்டதா என்பது கேட்காமல் பொழுது சாயும்வரை வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் சக்கர நாற்காலியை வைக்கோல் போரில் மறைத்துவிட்டு அதற்குப் பக்கத்திலேயே இரண்டு நாள் படுத்திருந்தார்.

ஷோகேஸ் நிரம்பியது. கூடமும் நிரம்பியது. எழுத்தர்கள் ஊன்றுகோல்களைத் தாண்டித் தாண்டி நடக்க வேண்டியிருந்தது. ஒருவர் தடுக்கி விழுந்து மணிக்கட்டு பிசகியதும்தான் தலைவர் ஒரு முடிவுக்கு வந்தார். எல்லாவற்றையும் ஏழை எளிய பயனாளிகளுக்கு வழங்கிவிடுவது.

அருள்மொழி லில்லிக்குத் தானே போன் செய்து சொன்னார். "உங்களுக்கு நல்ல நேரம்மா. பயனாளின்னு ஒரு மனு போடுங்க. உங்க காலை நீங்களே இலவசமா வாங்கிக்கலாம். மேடைத் தகுதிச் சான்றும் அன்னிக்கே மேடையில குடுத்துடறோம்."

விழா நாள், ஓட்டலில் சோதனைக் கச்சேரி நடக்க வேண்டிய அதே சனிக்கிழமை. விழா காலை பத்துக்கு. கச்சேரி மாலை ஆறரைக்கு. நேரம் இருக்கிறது என்று லில்லி நினைத்தாள். தலைவர் மூன்றே முக்காலுக்கு வந்தார்.

"உங்களிடமிருந்து வாங்கினோம். உங்களுக்கே கொடுக்கிறோம். இதில் வாரியத்துக்கு ஒரு லாபமும் கிடையாது. இப்படி ஒரு நேர்மையை வேறு எந்தத் துறையிலாவது பார்த்திருக்கிறீர்களா? கைதட்டுங்கள். கையில்லாதவர்களும் மனத்தால் தட்டலாம்."

முதலில் சான்று கொடுத்தார்கள். அதில் குழுவின் பெயர் 'நம்பிக்கை நட்சத்திரங்கள்' என்று மாற்றப்பட்டிருந்தது. நிகழ்ச்சி பார்வையாளர் கண் கலங்கும் வண்ணம் அமைய வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் இருந்தது. பிறகு பொருள்களை வழங்கினார்கள். பொருள்களுக்கு ஒன்றிலிருந்து நாற்பத்தொன்று வரை எண். பயனாளிகளுக்கும் ஒன்றிலிருந்து நாற்பத்தொன்று வரை எண். நடேசனுக்குக் காதுக் கருவி கிடைத்தது. கலைவேந்தனுக்கு ஒரு ஜோடி கக்கத்துக் கட்டை. லில்லியின் எண் பன்னிரண்டு. நடேசனின் வெள்ளைக் கோலை வாங்கினாள். பதினோராம் எண்ணுக்கு அவளுடைய கால் போனது, நகப்பூச்சோடும் கொலுசோடும்.

"சார், அது என் காலு! இங்க பாருங்க, பக்கத்துல நிக்கறேன்!" என்று அருள்மொழியிடம் கெஞ்சினாள்.

"ஒரு எண்ணுல தவறிப் போயிடுச்சேம்மா," என்று அவர் உண்மையாகவே வருந்தினார். "ஆனா யாருக்கு எது வேணும்னு பாத்துப் பாத்துக் குடுத்தா, சிபாரிசுன்னு பேரு வந்துடும். இந்த முறையில தப்பு நடக்க வாய்ப்பே இல்ல."

பதினோராம் எண், பனித்திட்டைச் சேர்ந்த காசம்மாள். ஐம்பத்தைந்து வயது. மீன் விற்றவள். சர்க்கரை நோயில் வலது காலை எடுத்திருந்தார்கள். மண்டபத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில், காலை முந்தானையால் மூடி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"யக்கா, அது என்னுதுக்கா," என்றாள் லில்லி.

"எல்லாரும் அப்டித்தான் சொல்லுவாங்க."

"உனக்கு இல்லாதது வலது காலு. இது இடது. நீ இன்னாக்கா பண்ணப் போற?"

"தெரியுது. எனக்குக் கண்ணு நல்லாத்தான் கீது." காசம்மாள் முந்தானையை இன்னும் இழுத்து மூடினாள். "ஒம்பது வருசமா மனு குடுத்தேன். இப்பதான் ஒண்ணு குடுத்திருக்கான். சும்மா போனா மருமவ சிரிப்பா. அதும் இல்லாம, கையெழுத்து வாங்கிக்கினு இன்னா சொன்னான் தெரியுமா? மாசா மாசம் வூட்டுக்கு வந்து காலு கீதான்னு பாப்பானாம். இல்லன்னா பென்சனை நிறுத்திடுவானாம்."

"இன்னிக்கு ஒரு நாள் குடுக்கா. ராத்திரிக்குள்ள கொண்டாந்து தரேன்."

"மாட்டிக்கினு ஓடிட்டா?"

"ஒத்தக் கால வெச்சிக்கினு எங்கக்கா ஓடுவேன்?"

"இதை மாட்டினா ரெண்டாயிடுமில்ல."

மணி ஐந்தரை. ஓட்டலில் இருந்து இரண்டு தடவை போன் வந்துவிட்டது. சோப்புக் கம்பெனியில் அவள் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்து அட்டைப்பெட்டி மடிக்கிறாள். லில்லி யோசித்தாள். "சரிக்கா, நீ குடுக்காத. நீயே மடியில வெச்சிக்கோ. என்கூட வந்து ஒரு மணி நேரம் சும்மா உக்காந்திரு. பிரியாணி போடுவாங்க. அப்புறம் உன்னை ஊர்ல வுட்டுடறேன்."

பிரியாணி என்றதும் காசம்மாள் கோலை ஊன்றி எழுந்தாள்.

ஓட்டல் புல்வெளியில் நூறு பேர் இருந்தார்கள். கலைவேந்தனும் நடேசனும் ஆரம்பித்துவிட்டார்கள். லில்லி கட்டைகளை ஊன்றிப் பாடினாள். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் காசம்மாள், காலைக் கட்டியணைத்துக்கொண்டு, விளக்கு வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கியபடி உட்கார்ந்திருந்தாள். பாட்டுக்கு மக்கள் சுமாராகத் தட்டினார்கள். நையாண்டிக்குச் சிலர் சிரித்தார்கள். மேலாளர் மணிபாரதி ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஏலம் வந்தது.

"பரலோகத்துக்கு நேரா போற காலு! கேளுங்கப்பா!" என்று சொல்லிக்கொண்டே லில்லி காலுக்குக் கை நீட்டினாள். காசம்மாள் கொடுக்கவில்லை. லில்லி இழுத்துப் பார்த்தும் விடவில்லை.

"ஒரு பாட்டில் விஸ்கி!" என்றான் முன்மேசைக்காரன்.

"என் கார் சாவி!" என்று ஒருவர் எழுந்து சாவியை ஆட்டிக்கொண்டே மேடையை நோக்கி வந்தார்.

காசம்மாளின் முகம் வெளுத்தது. "யப்பா, வேணாம்பா! நான் விக்கலப்பா! கையெழுத்து போட்டிருக்கேன்பா!"

புல்வெளி முழுக்கச் சிரிப்பு வெடித்தது. லில்லி இதுவரை எந்த மேடையிலும் கேட்காத சிரிப்பு அது. அலை மாதிரி வந்து அடித்தது.

"கார் சாவி ஒரு தரம்!" என்றாள்.

"அய்யோ, இவ சும்மா உக்காந்திருன்னுதானே கூட்டியாந்தா! பென்சனை நிறுத்திடுவாங்கப்பா, சோத்துக்கு இன்னா பண்ணுவேன்!" காசம்மாள் இரண்டு கைகளையும் எடுத்துக் கும்பிட்டாள். கால் நழுவியது. பதறிப் பிடித்தாள். கலைவேந்தன் அந்த நேரத்துக்குச் சரியாக ஒரு அடி அடித்தான். நூறு பேரும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நடேசனும் அடக்கத்துக்கு வாசித்து நிறுத்துவதற்காக விரலைத் தூக்கினார். லில்லி அவர் தோளைத் தொட்டு, பொறு என்று அழுத்தினாள். பிறகு 'ரெண்டு தரம்' என்பதை மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, இழுத்து இழுத்துச் சொன்னாள். அவள் இழுக்க இழுக்க, காசம்மாள் நாற்காலியில் இருந்து சரிந்து, காலைக் கீழே வைத்து அதன் மேலே கவிழ்ந்து படுத்துக்கொண்டு அழுதாள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. வெள்ளைக்காரர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், சிரித்துச் சிரித்து வந்த தண்ணீர்.

மணிபாரதி மேடைக்குப் பின்னால் ஓடிவந்தார். கையில் ஒப்பந்தம் இருந்தது. ஆறு மாதம்.

"அந்தம்மா இன்னா நடிப்புங்க! எங்க புடிச்சீங்க?"

"நடிக்கல சார்," என்றாள் லில்லி.

அவர் கொஞ்சம் யோசித்தார். நல்ல மேலாளர், எதையும் சீக்கிரம் புரிந்துகொள்வார். "அப்ப இது வெளாட்டுன்னு சொல்லிடாதீங்க. தெரிஞ்சா அழுவாது. வாரா வாரம் கூட்டிக்கினு வந்துடுங்க. அந்தம்மா இல்லன்னா ஒப்பந்தம் இல்ல."

லில்லி கையெழுத்துப் போட்டாள்.

சமையல்கட்டின் பின்பக்கம் காசம்மாள் தரையில் உட்கார்ந்து பிரியாணி தின்றுகொண்டிருந்தாள். ஒரு கை இலையில், ஒரு கை காலின் மேல். கண் இன்னும் காயவில்லை. லில்லி கட்டைகளைச் சுவரில் சாய்த்துவிட்டு அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அடுத்த வாரமும் வரணும்னு அந்தாளு சொல்றான்," என்றாள் காசம்மாள். "சோறு நல்லாத்தான் கீது. ஆனா அடுத்த வாரமும் ஏலம் போடுவாங்களாம்மா? எவனாச்சும் மூணாந்தரம்னு சொல்லி எடுத்துக்கினு போயிட்டா நான் இன்னா பண்ணுவேன்?"

லில்லி ஒப்பந்தத்தை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"கெட்டியா புடிச்சிக்கோக்கா," என்றாள்.